ஆபீஸ் கோபுரத்துக்குள் எல்லாருக்குமான இடம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன் நான். பழைய ஆபீஸ் கோபுரங்களைத் திருத்தி, நடுநடுவே திறந்த மாடிகளைக் கொண்டுவரும் வேலைகளில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். இதை வெளியில் சொன்னால் போதும், கல்யாணப் பந்தியிலும் கேள்வி, காப்பிக் கடையிலும் கேள்வி. பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கீழே கொடுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை, என் அலுவலகத்தின் கருத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

“ஆபீஸ் கட்டடத்தைத் திறந்துவிடறதுன்னா என்ன? சுவரை எடுத்துடுவீங்களா?”

சில இடங்களில் அதையும் செய்வோம். வழக்கமான ஆபீஸ் கோபுரத்தின் நடுவே மின்தூக்கி, படிக்கட்டு, கழிப்பறை, குழாய்கள் எல்லாம் ஒரு தண்டுபோல் நிற்கும். அதைச் சுற்றி வாடகைக்கு விடும் தளம். ஒன்றின்மேல் ஒன்றாக முப்பது, நாற்பது முறை அதே தளம். 20ஆம் மாடிக்காரரும் 21ஆம் மாடிக்காரரும் பத்து வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும் மின்தூக்கியில் மட்டும்தான் சந்தித்திருப்பார்கள், அதுவும் கைபேசியைப் பார்த்தபடி. இந்த அடுக்கில் சில மாடிகளை வாடகையிலிருந்து விடுவித்து, ஒரு பக்கமாவது காற்றுக்குத் திறந்து, உட்கார இடமும் நிழலும் மாடிக்கு மாடி படியும் வைப்பதைத்தான் சொல்கிறோம்.

ஆனால் ஒரு விஷயத்தை இப்போதே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தில் வேலை செய்பவர்கள் மட்டும் போகும் தோட்டம் வேறு. தெருவிலிருந்து எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் போக முடியாத தோட்டம் வேறு. யார் வேண்டுமானாலும் ஏறிப் போகக்கூடிய இடம் வேறு. விளம்பரங்களில் மூன்றுமே ‘பொதுவெளி’ ஆகிவிடும். இந்தப் பக்கத்தில் பொதுவெளி என்றால் மூன்றாவது மட்டும்.

“சிங்கப்பூர்ல நான் நேர்ல போய்ப் பார்க்கிற மாதிரி எது இருக்கு?”

முதலில் மார்க்கெட் ஸ்திரீட்டில் இருக்கும் கேப்பிட்டாஸ்பிரிங். 280 மீட்டர் உயரம், 51 மாடி. டென்மார்க்கின் பியார்க்க இங்கல்ஸ் குழுவும் இத்தாலியின் கார்லோ ரட்டி அலுவலகமும் சேர்ந்து வடிவமைத்தது. தரையிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில், 17இலிருந்து 20ஆம் மாடி வரை, நாலு மாடி உயரத்துக்குக் கட்டடத்தின் வயிற்றைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் பாதை, மரங்கள். உச்சியில் இன்னொரு தோட்டம். 2, 3ஆம் மாடிகளில் உணவங்காடி நிலையம். அந்த இடத்தில் முன்பு இருந்த கோல்டன் ஷூ கார் நிறுத்துமிடத்தில் இயங்கிய உணவங்காடிதான் அங்கே திரும்பி வந்தது.

நம் ஆட்களுக்கு அந்தத் தெருவோடு பழைய உறவு உண்டு. செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு அது. நீளமான ஒரே கூடம். ஆளுக்கொரு தாழ்வான மேசை, ஒரு பெட்டி. பகலில் அங்கேயே வியாபாரம், இரவில் அதே தரையில் தூக்கம், சமையல் பொது. இப்போது ‘கோ-வொர்க்கிங்’ என்று மாத வாடகை வாங்குகிறார்களே, அதற்குப் பாய் விரிக்க மட்டும் அனுமதி இல்லை.

அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரண்டைப் பார்க்கலாம். டக்ஸ்டனில் உள்ள பினக்கல்: ஏழு புளோக், 50 மாடி, 2009இல் முடிந்தது. 26, 50ஆம் மாடிகளில் ஏழையும் பாலம் இணைக்கிறது; வெளியாட்கள் 50ஆம் மாடிக்குக் கட்டணம் கட்டிப் போகலாம், 26 குடியிருப்பாளர்களுக்கு மட்டும். டாசனில் உள்ள ஸ்கைவில்லின் 47ஆம் மாடி மொட்டைமாடிக்குக் கட்டணமே இல்லை.

“வாய்ட் டெக்கைத் தூக்கி மேல வச்சிருக்காங்க, அவ்வளவுதானே?”

பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் வாய்ட் டெக்குக்கு, அதாவது அடுக்குமாடி வீடுகளின் கீழே திறந்துவிட்ட தரைத்தளத்துக்கு, யாரும் ‘போவதில்லை’. வீட்டுக்குப் போகிற வழியில் அது இருக்கிறது. மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி பேச்சுக் கொடுக்கிறார், எதிர்ப்பக்கம் ஒரு துக்க வீட்டுப் பந்தல், அந்தப் பக்கம் மலாய்க் கல்யாணம். மேலே இருக்கும் தோட்டத்துக்கோ ‘இன்றைக்குப் போகலாம்’ என்று முடிவுசெய்து கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்புகிறவர்கள் எப்போதும் குறைவு.

ஸ்கைவில்லை வடிவமைத்த வோஹா அலுவலகம் இதை யோசித்திருக்கிறது. 960 வீடுகளை 80 வீடு கொண்ட 12 ‘வான் கிராமங்களாக’ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு பொது மாடம் கொடுத்தார்கள். எண்பது வீடு என்றால் முகம் தெரிந்துவிடும். ஆபீஸ் கோபுரங்களில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. மூவாயிரம் பேருக்கு ஒரே தோட்டம் என்றால் அங்கே எல்லாரும் விருந்தாளிதான்.

“யாருய்யா 17வது மாடிக்கு வந்து உட்காரப் போறா?”

எனக்குப் பிடித்த கேள்வி. தோட்டம் எப்படி இருக்கிறது என்பதைவிட, தெருவிலிருந்து அதற்கு எப்படிப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருமுறை அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு கட்டடத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். 12ஆம் மாடியில் பொதுத் தோட்டம் என்று வாசலில் பலகை. அம்மா தேக்கா சந்தையில் வாங்கிய கீரைப் பையோடு வந்திருந்தார். உள்ளே பளிங்குத் தரை, வாசனைத் திரவியம், அட்டை தட்டினால் திறக்கும் நாலு தடுப்புக் கதவு. பாதுகாவல் அதிகாரி நம்மவர், ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறவர். “எந்தக் கம்பெனி அண்ணே?” என்றார். தோட்டத்துக்கு என்றேன். பாவம், அவருக்கே சங்கடம். அந்த மேசையில் பதிய வேண்டும், அடையாள அட்டை எண், கைபேசி எண், படம், அப்புறம் ஒரு தற்காலிக அட்டை. “கோயில்ல கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க,” என்றார் அம்மா. மேலே போனால் இரண்டே இரண்டு பேர், இருவரும் போனில்.

அந்தத் தோட்டத்தின் மரங்களிலோ காற்றிலோ ஒரு குறையும் இல்லை. தெருவுக்கும் அதற்கும் நடுவே ஒரு அந்நியமான கூடம் இருந்தது, அவ்வளவுதான். அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் வரைவது மின்தூக்கியை. தெருவிலிருந்து நேராகத் திறக்கும் தனி மின்தூக்கி, அலுவலகத் தடுப்புக் கதவுகளைத் தொடாமல். பொதுவெளி நாலாம் ஐந்தாம் மாடிக்குள் இருந்தால் நகரும் படிக்கட்டே போதும். உணவங்காடி 2, 3ஆம் மாடியில் வேலை செய்வதற்குக் காரணமும் அதுதான். பசியோடு வருகிறவரிடம் யாரும் எந்தக் கம்பெனி என்று கேட்பதில்லை.

“நேரம் எப்படி? ராத்திரி போலாமா?”

போவதற்கு முன் அந்தந்தக் கட்டடத்தின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேப்பிட்டாஸ்பிரிங் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது பொதுமக்களுக்கு அறிவித்த நேரம் வார நாள்களில் காலை 8.30 முதல் 10.30, பிற்பகல் 2.30 முதல் 6 வரை. கவனித்தீர்களா, மதிய உணவு நேரம் அதில் இல்லை. பக்கத்து ஆபீஸில் வேலை செய்கிறவருக்கு ஓய்வு கிடைப்பதே அந்த நேரத்தில்தான். கூட்டத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கும் என்பது புரிகிறது. இருந்தாலும் ஒரு கட்டடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் முதலில் பார்ப்பது நேரப் பலகையைத்தான்.

“அது தனியார் நிலம். அதுல வர்றவன் போறவனை எல்லாம் விடுன்னு எப்படிச் சொல்லலாம்?”

இருநூறு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1822இல் நகரத் திட்டம் வகுத்தபோது, தெருவை ஒட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கூரையிட்ட தாழ்வாரம் விட வேண்டும், அது எந்நேரமும் நடந்துபோகத் திறந்திருக்க வேண்டும் என்றார். நம் பெரியவர்கள் சொல்லும் ‘அஞ்சடி’ அதுதான். நிலம் வீட்டுக்காரருடையது, வழி எல்லாருக்கும். சண்டை வராமலும் இல்லை. கடைக்காரர்கள் சாமான்களை அடுக்கி வழியை மறைக்க, 1888இல் நகராட்சி அதை அகற்றப் போக, கலவரமே வெடித்தது.

இன்றைக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் தனியார் கட்டடங்களில் உள்ள பொது இடங்களுக்கு 2017இல் வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கிறது. உட்கார இடம், நிழல், தெருவிலிருந்து தடையில்லாத வழி என்று அதன் அக்கறை எல்லாம் தரையோடு ஒட்டியவை. தரைத்தளத்தில் நல்ல உதாரணம் வேண்டுமானால் ராஃபிள்ஸ் பிளேசில் யுஓபி பிளாசாவின் அடியில் நடந்து பாருங்கள். கோபுரத்தின் காலடியைத் திறந்துவிட்டதால் சதுக்கத்திலிருந்து ஆறு நேராகத் தெரியும். அஞ்சடியைச் செங்குத்தாக நிமிர்த்தி வைப்பதுதான் எங்கள் வேலை, ஆனால் நிமிர்த்தியதும் இடையில் ஒரு கதவு வந்துவிடுகிறது. 17ஆம் மாடிக் கேள்விக்குச் சொன்னது அந்தக் கதவைப் பற்றித்தான்.

“வாடகை வர்ற மாடியை எந்த முதலாளி சும்மா விடுவாரு?”

சும்மா யாரும் விடுவதில்லை. ஒரு மனையில் மொத்தம் இவ்வளவு சதுர மீட்டர் தளம்தான் கட்டலாம் என்று உச்சவரம்பு உண்டு. திறந்த மாடி அந்தக் கணக்கில் சேராவிட்டால், முதலாளிக்கு வாடகைத் தளம் குறையாது. கட்டடம் மட்டும் கொஞ்சம் உயரும். 2009இல் ஆணையம் தொடங்கிய ‘லஷ்’ பசுமைத் திட்டத்தின் வழியாகத்தான் இந்தச் சலுகை பரவலானது. எவ்வளவு ஆழத்துக்குச் சலுகை என்பதற்கு ஒரு எளிய வழி: மேல்கூரையின் விளிம்பிலிருந்து உள்பக்கமாக 45 பாகைக் கோடு இழுக்க வேண்டும். கோடு தரையைத் தொடும் இடம்வரை திறந்தவெளி. கூரை 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் 5 மீட்டர் ஆழம், 15 மீட்டர் என்றால் 15. ஊரில் புதிய கோபுரங்களின் நடுவே அவ்வளவு உயரமான ஓட்டைகள் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில். அழகுக்காக மட்டும் அவ்வளவு உயரம் விடவில்லை.

இன்னொன்று, ராபின்சன் ரோடு, செசில் ஸ்திரீட், ஷென்டன் வே பக்கம் மாலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர் அடங்கிவிடும். 2019இல் வந்த மத்திய வர்த்தக வட்டார ஊக்கத் திட்டம், குறைந்தது 20 வருடப் பழமையான ஆபீஸ் கட்டடங்களை வீடு, ஹோட்டல் கலந்த கட்டடமாக மாற்றினால் 25 முதல் 30 விழுக்காடு வரை கூடுதல் தளப் பரப்புக்கு இடம் தந்தது. அப்படி மாறும் கட்டடத்தில் இரவிலும் ஆள் இருப்பார்கள். ஆள் இருந்தால் பொதுவெளிக்கும் உயிர் வரும்.

“அப்போ பழசை இடிச்சிட்டுப் புதுசாக் கட்டறதுதானே லாபம்?”

பணக் கணக்கில் பல சமயம் ஆமாம். ஷென்டன் வேயில் பழைய ஏக்சா டவர் அப்படித்தான் இடிக்கப்பட்டு, அங்கே 305 மீட்டர் கோபுரம் எழுகிறது. ஆனால் பழைய கட்டடத்தின் கான்கிரீட்டும் இரும்பும் செய்ய எரித்த எரிபொருள் எரித்ததுதான்; இடித்தால் அதையே மறுபடி எரிக்க வேண்டும். எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு திருத்துவது எனக்கு உவப்பானது. லாபத்தை நான் கொடுக்கப் போவதில்லை என்பதால் சொல்வது சுலபம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். 1973இல் கட்டிய கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2021இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டு, இடிப்பிலிருந்து தப்பியது. படிப்படியாகச் சாய்ந்த மாடிகளும் உள்ளே நீண்ட பொதுக் கூடமும் அதில் அப்போதே இருந்தன. இந்த யோசனை நேற்று வந்ததில்லை.

“நடுவுல ரெண்டு மாடியை எடுத்தா கட்டடம் விழுந்துடாதா?”

கணக்குப் போடாமல் எடுத்தால் ஆபத்துதான். தளம் என்பது மேசைகளைத் தாங்கும் பலகை மட்டும் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் அது தூண்களை இடுப்பில் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு தளத்தை எடுத்தால் தூணின் பிடிப்பில்லாத நீளம் இரட்டிப்பாகிறது. ஒல்லியான தூணாக இருந்தால், நீளம் இரட்டிப்பாகும்போது அது வளையாமல் தாங்கும் சுமை நாலில் ஒன்றாகிவிடும். மூங்கில் குச்சியைக் குட்டையாகவும் நீளமாகவும் அழுத்திப் பார்த்தால் கையிலேயே தெரியும். ஆபீஸ் தூண்கள் பருமனானவை, அவ்வளவு மோசமாகாது. ஆனாலும் இரும்புத் தகடோ கூடுதல் கான்கிரீட்டோ சுற்றிக் கவசம் போடுவோம்.

அதைவிடப் பயம் தருவது முன்னழுத்தக் கம்பிகள். சில கட்டடங்களின் தளத்துக்குள் முறுக்கி இழுத்த எஃகு வடங்கள் ஓடும். தெரியாமல் வெட்டினால் வில் நாண் அறுந்தாற்போல் தெறிக்கும், அந்த வடம் ஓடும் நீளம் முழுக்கத் தளம் பலம் இழக்கும். அதனால் பழைய வரைபடம் கிடைத்தாலும் நம்பாமல் ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் ரம்பத்தைத் தொடுவோம்.

“மரம் வைக்கிறீங்களே, மண்ணு கனம் தாங்குமா?”

ஆபீஸ் தளங்கள் ஆட்களுக்கும் மேசைகளுக்குமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்கும்படி கட்டப்படுபவை. ஈரமான மண் 60 செண்டிமீட்டர் போட்டால் ஒரு டன்னைத் தொட்டுவிடும். அதனால் பழைய கட்டடத்தில் மரங்களைத் தூணுக்கு நேர் மேலே வைப்போம், மண்ணுக்குப் பதில் எடை குறைந்த கலவை போடுவோம், மற்ற இடத்தில் கொடியும் பெரணியும். வரைபடத்தில் காடு, நேரில் தொட்டி என்று யாராவது கேலி செய்தால் கோபம் வருவதில்லை.

“ஏர்கான் இல்லாம இந்த வெயில்ல யாரு நிப்பா?”

உயரே போனால் குளிரும் என்பது நம் ஊர் மலைகளுக்குப் பொருந்தும். 100 மீட்டருக்கு ஒரு டிகிரிகூட இறங்காது. சுகம் தருவது நிழலும் காற்றும்தான். தரையில் இருக்கும் வண்டிச் சூடும் ஏர்கான் வெளியே தள்ளும் வெப்பமும் மேலே இல்லை, காற்றும் அதிகம். சில இடங்களில் அளவுக்கு அதிகம்: எதிரெதிர் பக்கம் இரண்டையும் திறந்துவிட்டால் தட்டில் இருக்கும் சோறு பறக்கும்.

மழைதான் பெரிய தலைவலி. சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து அடிக்கும் சுமத்ராக் காற்றோடு விடியற்காலை வரும் மழை நேராக விழாது, படுத்து வரும். உயரமான திறப்பு என்றால் சாரல் உள்ளே வெகுதூரம் வரும். அதனால் உட்காரும் இடத்தை உள்ளே தள்ளி, விளிம்பில் செடி. 45 பாகைக் கணக்கு பணத்துக்கு நல்லது, மழைக்கு நல்லதில்லை.

“கொசு?”

தொட்டியில் நீர் தேங்காமல் வடிகால் சரியாக இருந்தால் வராது. வராமல் பார்த்துக்கொள்ள வாராவாரம் ஒருவர் வர வேண்டும். அவருக்கான சம்பளத்தை முதல் நாளே கணக்கில் எழுதுங்கள்.

“தீப்பிடிச்சா திறந்த இடம் வழியாப் புகை எல்லா மாடிக்கும் போயிடாதா?”

மூடிய உள்முற்றமாக இருந்தால் போகும், புகைபோக்கி போலவே. அங்கே புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிகளும், தானாக இறங்கும் தடுப்புத் திரைகளும் வேண்டும். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் அனுமதி இல்லாமல் ஒரு கல் நகராது. வெளிப்பக்கம் திறந்த மாடியில் புகை வெளியே போய்விடும் என்பதால் அது கொஞ்சம் சாதகம். 40 மாடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் இடையிடையே தஞ்சத் தளம், அதாவது தீயின்போது ஒதுங்கி நிற்கும் தளம், கட்டாயம். அந்தத் தளத்தையும் தோட்டத்தையும் ஒன்றாக்கும் யோசனை அதனால்தான் அடிக்கடி வருகிறது.

“மாடிக்கு மாடி படி போட்டா ஆளுங்க பேசிக்குவாங்கன்னு மேனேஜர் சொல்றாரு. உண்மையா?”

படி மட்டும் போதாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் 1997இல் முடிந்த கொமர்ட்ஸ்பாங்க் கோபுரத்தில் நாலு நாலு மாடி உயரத்தில் ஒன்பது தோட்டங்கள் கட்டடத்தைச் சுற்றி ஏறுகின்றன. எந்த மாடியில் உட்கார்ந்தாலும் ஏதோ ஒரு தோட்டம் பக்கத்தில் இருக்கும்படி. நம் ஆபீஸ்களில் அவ்வளவு தாராளம் இல்லை. என் அனுபவத்தில், தண்ணீர் சூடாக்கும் இடத்தையும் மைலோ டப்பாவையும் படிக்கட்டுப் பக்கம் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

“பொது இடம்னு சொல்லி அனுமதி வாங்கிட்டு, அப்புறம் பூட்டிட்டா?”

லண்டனில் ஃபென்சர்ச் ஸ்திரீட் 20ஆம் எண் கட்டடம் உச்சியில் பொதுத் தோட்டம் என்ற உறுதிமொழியோடு எழுந்தது. 2015இல் திறந்தபோது முன்பதிவு செய்துதான் போகலாம் என்றானது. கட்டணம் இல்லை, ஆனால் பூங்கா என்று யாரும் சொல்லவில்லை. பூட்டுவதைவிட இந்த மெதுவான பூட்டுதான் அதிகம். கதவு திறந்தே இருக்கும், நுழைய நாலு நாள் முன்னால் யோசிக்க வேண்டும். அதனால் அனுமதிப் பத்திரத்தில் பரப்பளவோடு திறந்திருக்கும் நேரமும் நுழையும் முறையும் எழுதப்பட வேண்டும் என்பது என் கட்சி.

“அண்ணே, எங்க டார்மிட்டரி ஆளுங்க ஞாயித்துக்கிழமை அங்க போய் உட்காரலாமா?”

கட்டுமானத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டது. அவர் பூச்சு வேலை செய்த கட்டடத்தைப் பற்றியே கேட்டார். விதிப்படி தடை இல்லை என்றேன். ஆனால் வார இறுதியில் திறந்திருக்குமா, நாலு பேராக நுழைந்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஞாயிறன்று ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கத்துப் புல்வெளிகளில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுகிறவர்களை யாரும் பதியச் சொல்வதில்லை.

ஹாங்காங்கில் 1985இல் கட்டிய எச்எஸ்பிசி தலைமையகத்தின் தரைத்தளம் முழுக்கத் திறந்த வழி. அப்படி விட்டதற்குப் பதிலாகக் கட்டடத்துக்குக் கூடுதல் தளப் பரப்பு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லப் பணிப்பெண்கள் நூற்றுக்கணக்கில் அங்கே அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்து, சாப்பாட்டைப் பகிர்ந்து, முடி வெட்டிக்கொண்டு பொழுதைக் கழிப்பார்கள். வங்கி அதை நினைத்துக் கட்டியிருக்காது. தெருவோடு ஒரே மட்டத்தில், கதவில்லாமல் இருந்ததால் நடந்தது. அதையே 17ஆம் மாடியில் நடக்கவைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

“நீங்க வரைஞ்சது எதாவது நெசமாவே வேலை செய்யுதா, இல்ல படத்தோட சரியா?”

ஒன்று வேலை செய்கிறது. ஐந்தாம் மாடி, தெருவிலிருந்து தனி மின்தூக்கி, பதிவு இல்லை. போன மாதம் மதியம் ஒரு மணிக்குப் போனேன். ஆபீஸ் ஆட்களை எதிர்பார்த்தேன். பக்கத்துக் கட்டடங்களில் துப்புரவு வேலை செய்யும் பெண்கள் ஆறேழு பேர் டிபன் கேரியரைத் திறந்து வைத்திருந்தார்கள். பெஞ்சை 45 செண்டிமீட்டர் அகலத்துக்கு வரைந்திருந்தேன், நாற்காலி அளவு. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்காரப் பார்க்கிறார்கள், முழங்கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு அக்கா, “இதைக் கட்டினவன் ஒருநாளும் கீழ உக்காந்து சாப்பிட்டிருக்க மாட்டான்,” என்று சொல்லிக்கொண்டே சாம்பாரை ஊற்றினார். நான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது கையில் இருக்கும் வரைபடத்தில் பெஞ்ச் 75.